அமோனியா போரேனும் செம்பும்: ஒரு பாதி வெற்றியின் வரலாறு

சென்னைக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையில் பொத்தேரியைத் தாண்டினால் காட்டாங்குளத்தூர். 1985இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய எஸ்.ஆர்.எம். இங்கே பல்கலைக்கழகமாக வளர்ந்தது. சற்றுத் தெற்கே மறைமலைநகரில் இருக்கிறது, 2021இல் ஃபோர்டு மூடப்போவதாக அறிவித்த கார் ஆலை. மேடவாக்கத்தை ஒட்டி மாம்பாக்கம் சாலையில், ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு நிறுவனத்தின், ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலங்களுக்கான மையம் சில காலம் இயங்கி, பிறகு தரமணிப் பக்கம் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவுக்கு இடம் மாறியது. காரும் வேதியியலும் இப்படி அக்கம்பக்கமாக இருக்கும் வட்டாரத்தில் ஹைட்ரஜன் கார் என்ற கனவைச் சற்றுக் கறாராகவே எடை போடலாம். அந்தக் கனவின் சிக்கல் ஹைட்ரஜனை எரிப்பதில் இல்லை, சுமப்பதில். அதற்கு விடையாக முன்வைக்கப்பட்ட அமோனியா போரேன் கதையில் செம்புக்குக் கிடைத்த புகழில் பாதி மட்டுமே நியாயமானது என்பது என் கருத்து.

சென்னைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஐஐடி மெட்ராஸில் எம்.வி.சி. சாஸ்திரி வளர்த்த மரபு உலோக ஹைட்ரைடுகளைச் சார்ந்தது; பி. விஸ்வநாதன், எஸ். ஸ்ரீனிவாச மூர்த்தி ஆகியோருடன் அவர் கொண்டுவந்த நூல் 1998இல் வெளியானது. உலோகத்துக்குள் ஹைட்ரஜனைப் புகுத்தலாம், எடுக்கலாம். ஆனால் எடைதான் எமன். லாந்தனம்-நிக்கல் கலவை தன் எடையில் சுமார் 1.4 சதவீதம்தான் தாங்கும். 1955இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் ஷோரும் ராபர்ட் பாரியும் தயாரித்த அமோனியா போரேன் என்ற வெள்ளைத் தூளிலோ, கிலோவுக்கு 196 கிராம் ஹைட்ரஜன். அவர்கள் அதைத் தேடியது காருக்காக அல்ல. போரான் சேர்மம் ஒன்றின் அமைப்புப் பற்றிய புதிரை அவிழ்க்கத்தான். ஐம்பது ஆண்டுகள் கழித்துத்தான் எரிசக்திக்காரர்களின் கண் அதன்மேல் விழுந்தது.

2006இல் ஜப்பானின் ஏ.ஐ.எஸ்.டி. ஆய்வு நிறுவனத்தில் மனீஷ் சந்திராவும் சியாங் சூவும், நீரில் கரைத்த அமோனியா போரேனில் பிளாட்டினம் போன்ற வினையூக்கிகளைச் சேர்த்தால் அறை வெப்பத்திலேயே ஹைட்ரஜன் பொங்கி வருவதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் கோபால்ட், நிக்கல், செம்பு என மலிவான உலோகங்களுக்கும் இறங்கினார்கள். 2008இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பாலாஜி ஜாகிர்தாரின் குழு இந்த உலோகங்களின் உப்புகளையே நேரடியாகக் கரைசலில் போட்டுப் பார்த்தது. மயில்துத்தம் என்ற செம்பு உப்பு கரைந்த நீலத் தண்ணீரில் இந்தத் தூளைப் போட்டால் நீலம் மங்கி, கருநிறத் துகள் படிந்து, குமிழிகள் கிளம்பும். அந்தக் குழு செம்பு நுண்துகள்களையும் ஒப்பிட்டது: வெறும் செம்பைவிட, மேலே ஆக்சைடு படிந்த துகளே நன்றாக வேலை செய்தது. செம்பின் களிம்பை ஆன்மாவின் மலத்துக்கு உவமை சொன்ன சைவ சித்தாந்தி இதைக் கேட்டால் புன்னகைப்பார்.

தங்கவிலை உலோகத்துக்குப் பதில் செம்பு வந்துவிட்டதே, இனி என்ன தடை என்பார்கள். கணக்கைப் பாருங்கள்: 31 கிராம் தூளும் 36 கிராம் நீரும் சேர்ந்து தருவது 6 கிராம் ஹைட்ரஜன். 19.6 சதவீதம் என்ற பெருமை இங்கேயே 9ஆகச் சரிகிறது. தூளைக் கரைக்க இன்னும் நீர் வேண்டும் என்பதால் நடைமுறையில் அதற்கும் கீழே. எரிபொருள் மின்கலத்தில் உருவாகும் நீரையே திருப்பி ஊற்றலாமே என்று கேட்கலாம். எடை குறையும்தான், ஆனால் எஞ்சும் போரேட்டில் போரானும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருக்கின்றன, அதைப் பழைய தூளாக்க ஏராளமான ஆற்றல் வேண்டும். இதன் உறவுக்காரனான சோடியம் போரோஹைட்ரைடை நீரில் பிரித்துக் கார் ஓட்டும் திட்டத்தை அமெரிக்க எரிசக்தித் துறை 2007இல் கைவிடச் சொன்னது. விலைக்கு வந்தால், வினையூக்கி சிறிதளவே போதும், மீட்டெடுக்கவும் முடியும். தூள் ஒவ்வொரு முறையும் தீர்ந்துபோகும். செலவு உட்கார்ந்திருப்பது தூளில். செம்பு அதைத் தொடவே இல்லை.

ஆகவே என் கணக்கில் பெரிய நிகழ்வு 2008 அல்ல, 2009. அந்த ஆண்டு அதே பெங்களூருக் குழு, நீரில்லாத திண்ம அமோனியா போரேனிலிருந்து செம்பு உப்பின் துணையால் அறை வெப்பத்திலேயே ஹைட்ரஜன் வெளிவருவதைக் காட்டியது. தனித்த தூளுக்கு 100 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கார்களுக்கான எரிபொருள் மின்கலமோ சுமார் 80 டிகிரியில் இயங்குவது. நீர் இல்லாததால் போரேட்டும் இல்லை, திரும்பி வரும் வழி அடைபடுவதில்லை. அந்த வழியை 2011இல் லாஸ் அலமோஸ் ஆய்வாளர்கள் ஓரளவு திறந்தார்கள்: ஹைட்ரஜனை இழந்த எச்சத்தைத் திரவ அமோனியாவில் ஹைட்ரசீனுடன் 40 டிகிரியில் வைத்தால் மீண்டும் அமோனியா போரேன். ஆனால் ஹைட்ரசீன் நச்சு, விலையும் அதிகம். 2014இல் சந்தைக்கு வந்த ஹைட்ரஜன் காரான டொயோட்டா மிராயோ 700 பார் அழுத்தத் தொட்டியையே நம்பியது.

பெங்களூரிலும் அமெரிக்காவிலும் நடந்ததில் காட்டாங்குளத்தூருக்கு என்ன என்று கேட்டால், செம்பு உப்பு எந்தக் கல்லூரி ஆய்வகத்தின் அலமாரியிலும் இருக்கும் பொருள். ருத்தேனியம் போன்ற விலையுயர்ந்த உலோகம் வாங்க வக்கில்லாத துறையும் இந்த ஆராய்ச்சிக்குள் நுழையச் செம்புதான் வழிவிட்டது. அந்த வழியில் வருகிறவர்கள் இன்னொரு வேகமான செம்பு வினையூக்கியைச் செய்வதை விட்டு, தீர்ந்த தூளை மலிவாக மீட்கும் வேலையைக் கையில் எடுக்க வேண்டும்.