போராட்டக்காரர்களின் உடலடையாளப் பதிவுகளும் அந்தரங்க உரிமையும் (இந்தியா)

போராட்டங்களில் கைதாவோரின் கைரேகை, நிழற்படம், கருவிழிப் பதிவு முதலியவற்றை அரசு எடுப்பதற்கும் வைத்துக்கொள்வதற்கும் சட்டம் விதிக்கும் வரம்புகள். இந்தியாவில் 1920-இல் வகுக்கப்பட்ட இவ்வரம்புகள் 2022-இல் பெரிதும் தளர்ந்தன.

தொடக்கம்

பிரித்தானிய ஆட்சி நிர்வாகத்தில் கைப்பதிவு நுழைந்தது வங்காளத்தில். 1858-இல் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத் தாளின் பின்புறம் அழுத்தி எடுத்தார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் அமைந்தது. அங்கு உருவான வகைப்பாடு எட்வர்ட் ஹென்றியின் பெயரால் வழங்கினாலும், அதன் கணக்கை அமைத்தவர் அவருக்குக் கீழ் பணியாற்றிய அசிசுல் ஹக். ஹேமச்சந்திர போசும் உடன் உழைத்தார். பத்து விரல்களையும் ஐந்து இணைகளாகப் பிரித்து, ரேகையில் சுழி இருந்தால் இணைக்கேற்ப 16, 8, 4, 2, 1 என மதிப்பளித்தனர். இப்படிக் கூட்டிவந்த எண்களால் பதிவுகள் 32-க்கு 32 என 1,024 தொகுதிகளாகப் பிரிந்தன. பிடிபட்டவர் பொய்ப்பெயர் சொன்னாலும் அவருடைய பழைய தாளைத் தேடி எடுத்துவிடலாம்.

டிரான்ஸ்வால்

ஹென்றி 1900-இல் காவல்துறையைச் சீரமைக்கத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். சில ஆண்டுகளில் அங்குள்ள டிரான்ஸ்வாலின் அரசு, தன் எல்லையில் வாழ்ந்த ஆசியர் அனைவரும் பத்து விரல் ரேகை கொடுத்துப் பதிவுச்சீட்டு பெற வேண்டும் எனச் சட்டம் கொண்டுவந்தது. குற்றம் ஏதும் செய்யாத மக்களைக் குற்றவாளிகளைப் போல் நடத்திய இச்சட்டத்தை எதிர்த்து 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் கூடியவர்கள் சிறை செல்ல உறுதி பூண்டனர். காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் அங்கே பிறந்தது. மொரீசியசில் பிறந்த தமிழரான தம்பி நாயுடு அதன் முன்னணித் தளபதி. தாமாக முன்வந்து பதிவு செய்துகொள்ளலாம் என அரசுடன் கண்ட உடன்பாட்டின்படி 1908 பிப்ரவரி 10 அன்று பதிவகத்துக்குப் புறப்பட்ட காந்தியை அதை ஏற்காத ஒருவர் தாக்கினார். உடன் சென்ற நாயுடுவும் காயமடைந்தார். உடன்பாட்டை அரசு காப்பாற்றவில்லை. ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதித் திடலில் 2,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் இரும்புக் கொப்பரையில் போட்டு எரிக்கப்பட்டன.

சட்டங்கள்

இந்தியாவில் ஒத்துழையாமை இயக்கம் எழுந்த 1920-ஆம் ஆண்டிலேயே கைதிகள் அடையாளச் சட்டமும் வந்தது. காலனி அரசின் சட்டமாயினும் அதில் இரண்டு தடுப்புகள் இருந்தன. ஓராண்டோ அதற்கு மேலோ கடுங்காவல் விதிக்கத்தக்க குற்றத்துக்குக் கைதானவரிடம் மட்டுமே காவல்துறை தானாக ரேகை எடுக்கலாம். மற்றவர்களிடம் எடுக்க நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டும். சட்டவிரோதக் கூட்டத்துக்கு உச்சத் தண்டனை ஆறு மாதம் என்பதால், மறியலில் கைதானவர் பெரும்பாலும் தப்பினார். இரண்டாவது, முன்தண்டனை இல்லாதவர் விடுதலையானால், நீதிமன்றமோ நடுவரோ காரணம் எழுதி மறுத்தாலன்றி, அவருடைய பதிவுகளை அழிக்க வேண்டும் அல்லது அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

2022-இன் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் முதல் தடுப்பை அகற்றியது. எந்தக் குற்றத்துக்குக் கைதானாலும், தடுப்புக்காவலில் வைக்கப்பட்டாலும் பதிவு எடுக்கலாம். கருவிழி, விழித்திரை, கையெழுத்து ஆகியவையும் இதில் அடங்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கும். விடுதலையானவரின் பதிவும் மேல்முறையீடுகள் எல்லாம் முடியும்வரை அழியாது. அவ்வாண்டு செப்டம்பரில் வந்த விதிகள், கூட்டம் கூடுவதைத் தடுக்கும் 144 தடையுத்தரவை மீறியதற்காக மட்டும் பதிவு எடுக்கக் கூடாது என்றன. வேறொரு குற்றமும் சேர்ந்தால் இந்த விலக்கு பொருந்தாது. போராட்ட வழக்கில் சட்டவிரோதக் கூட்டப் பிரிவையும் காவல்துறை சேர்த்து எழுதினால், விலக்கு ஏட்டளவில்தான் நிற்கும்.

இன்றைய நிலை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அதன் பிறகும், காணாமற்போன குழந்தைகளைத் தேட வாங்கிய முகமறி மென்பொருளை, 2019 குடியுரிமைச் சட்டப் போராட்டங்களின்போது டெல்லிக் காவல்துறை கூட்டத்தினர்மீது பயன்படுத்தியது. இம்மென்பொருளுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் உண்டு.