பள்ளியை மூடினார்கள், விடுதிகள் நிரம்பின

1969-இல் ருமேனிய அரசு ஒரு படிப்பை அடியோடு நிறுத்தியது: சமூகப் பணி. வறுமை முதலாளித்துவத்தின் நோய். சோஷலிசம் வந்துவிட்ட நாட்டில் அந்த நோய்க்கு வைத்தியர் எதற்கு? இந்த வாதம் கிழக்கு ஐரோப்பாவில் பல தலைநகரங்களில் கேட்டதுதான். ருமேனியாவில் அதற்கான விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள்.

நாற்பது ஆண்டு மரபு அத்துடன் அறுந்தது. சமூகவியலாளர் திமித்ரியே குஸ்தியின் வட்டத்தினர் 1929-இல் புக்கரெஸ்டில், இளவரசி இலியானாவின் பெயரில் ஒரு உயர்கல்விப் பள்ளி தொடங்கினார்கள். வெத்தூரியா மனுய்லா, செனியா கோஸ்தா-ஃபோரு ஆகிய இரு பெண்கள் அதை வளர்த்தெடுத்தனர். மாணவிகள் நகரத்தின் ஏழைப் பகுதியான தெய்யில் வீடு வீடாகப் போனார்கள். எத்தனை பேர், எத்தனை அறை, வருமானம் என்ன, கடன் என்ன, நோயாளி யார் என்று குடும்பத்துக்கு ஒரு கோப்பு போட்டார்கள். சமூக சேவை என்றதும் நமக்கு மேடை போட்டுத் தையல் மெஷின் வழங்கும் விழாதான் நினைவுக்கு வரும். அந்தப் பள்ளி கற்பித்தது வேறு: முதலில் விசாரி, உதவி அதற்குப் பிறகு.

1952-இல் அந்தப் படிப்பைப் பல்கலைக்கழகத் தரத்திலிருந்து இறக்கினார்கள். மிச்சமிருந்ததும் 1969-இல் போயிற்று.

மூடிய நேரம்தான் கொடுமை. மூன்று ஆண்டுகளுக்கு முன், 1966 அக்டோபரில், நாட்டின் கம்யூனிஸ்ட் தலைவர் சௌசெஸ்கு 770-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்திருந்தார். 45 வயதைத் தாண்டாத, நான்கு பிள்ளை பெறாத பெண்களுக்குக் கருக்கலைப்பு தடை; விலக்குகள் சொற்பம். அந்த ஆண்டு சுமார் 2,74,000 ஆக இருந்த பிறப்பு, அடுத்த ஆண்டு 5,28,000-ஐ நெருங்கியது. அந்தத் தலைமுறைக்கு ‘தெக்ரெத்செய்’, அதாவது ஆணைப் பிள்ளைகள் என்றே பெயர் வந்துவிட்டது. வளர்க்க வழியில்லாத பெற்றோருக்கு அரசு காட்டிய வழி விடுதி. 1970-இல் வந்த 3-ஆம் எண் சட்டம் அந்த விடுதிகளை வரிசைப்படுத்தியது.

மூன்று வயது வரை ‘லியாகன்’. தொட்டில் என்று பொருள். மூன்று வயதானதும் ஒரு குழு குழந்தையைப் பார்த்துத் தரம் பிரிக்கும். பேச்சு வரத் தாமதமா, மாறுகண்ணா? ‘தேற்ற முடியாதது’ என்று எழுதிவிடலாம். அந்தக் குழந்தை ஊருக்கு வெளியே இருக்கும் மருத்துவ விடுதிக்குப் போகும். பேசக் கற்றுக்கொடுக்க ஆள் இருந்தார்களா, தாய் எங்கே, வீட்டில் என்ன நிலை என்று விசாரிக்க வேண்டிய தொழில்தான் ஒழிக்கப்பட்டிருந்ததே! அநாதை இல்லம் என்று உலகம் சொன்ன இடங்களில் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள்.

1989 டிசம்பர் 25 அன்று சௌசெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாளே 770-ஆம் எண் ஆணை ரத்தானது. அப்போது விடுதிகளில் ஏறக்குறைய ஒரு லட்சம் குழந்தைகள். ஹங்கேரி எல்லையை ஒட்டிய சிகித் விடுதிக்குள் 1990-இல் ஜெர்மானியக் கேமராக்கள் நுழைந்தபோது, இருட்டறைகளில் அழுக்கோடு அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளை ஐரோப்பா பார்த்தது. ஊட்டமில்லாத குழந்தைகளுக்குத் தெம்பூட்டுவதாகச் சிறிதளவு ரத்தம் ஏற்றும் வழக்கமும், கொதிக்கவைக்காத ஊசிகளும் ஆயிரக்கணக்கானோருக்கு எச்.ஐ.வி.யைப் பரப்பியிருந்தன.

அதே 1990-இல் புக்கரெஸ்ட், யாஷ், க்ளூஜ் பல்கலைக்கழகங்கள் சமூகப் பணிப் படிப்பைத் திரும்பத் தொடங்கின. கற்பிக்க ஆள்? அந்த வேலையைச் செய்து பார்த்தவர் அநேகமாக யாரும் இல்லை. சமூகவியலாளர்களும் உளவியலாளர்களும் வெளிநாட்டு விருந்தினர்களும் வகுப்பெடுத்தார்கள். ஆர்த்தடாக்ஸ் இறையியல் துறைகளும் இறையியலோடு சேர்த்து அந்தப் பட்டத்தை வழங்க ஆரம்பித்தன. தர்மம், விசாரணை என்று எந்த இரண்டைப் பழைய பள்ளி மெனக்கெட்டுப் பிரித்ததோ, அவை மறுபடி ஒரே வகுப்பறையில் வந்து உட்கார்ந்தன.

1997-இல் குழந்தைப் பாதுகாப்பு நிர்வாகத்தில் வந்த சீர்திருத்தத்தோடு ஒரு புது வேலையும் பிறந்தது: சம்பளம் வாங்கிக்கொண்டு தன் வீட்டிலேயே பிறர் பிள்ளையை வளர்க்கும் வளர்ப்புத் தாய். புக்கரெஸ்டில் இது மெதுவாகத்தான் பரவியது. 2001 வாக்கில் அமெரிக்க ஆய்வாளர்கள் விடுதிக் குழந்தைகள் 136 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்க முனைந்தபோது, 56 குடும்பங்களைத் தாங்களே தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வீடுகளுக்குப் போய்வந்து, அழுகையையும் அடத்தையும் சமாளிக்கக் கைகொடுத்தவர்கள் ருமேனியச் சமூகப் பணியாளர்கள். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி விடுதியிலேயே தங்கியவர்களைவிடத் தெளிவாக மேலே ஏறியது.

2004-இல் 466-ஆம் எண் சட்டம் தொழிலுக்கு அந்தஸ்தும் தேசிய மன்றமும் தந்தது. பெரிய விடுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அதற்குள் அடுத்த பிரச்சினை வந்துவிட்டது. இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுப் போகிறார்கள். புறப்படுவதற்கு 40 நாள் முன்பே, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்று உள்ளூர்ச் சமூக சேவைப் பிரிவில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். பல கிராமங்களில் அந்தத் தாளை வாங்கி வைப்பவர் அந்தப் படிப்பு படித்தவரல்ல. மற்ற வேலைகளோடு இதையும் சேர்த்துப் பார்க்கும் குமாஸ்தா.