கடற்கரை ஊரின் வரலாற்றைப் பேணல்: தரங்கம்பாடி காட்டும் சான்றுகள்

1. முன்னுரை

ஓர் ஊரின் மரபுச் செல்வம் என்றவுடன் கோட்டை, கோயில், மாளிகை முதலிய கட்டடங்களே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பழுதுபார்க்கச் சட்டமும் துறைகளும் உள்ளன. அவ்வூரில் வழங்கிய பெயர்கள், எழுதப்பெற்ற ஓலைகள், மக்கள் பேசிய சொற்கள் ஆகியன அத்தகைய பாதுகாப்பைப் பெறுவதில்லை. கட்டடம் எழுந்த காரணத்தை உரைப்பன இவையே ஆதலின், இவை அழிந்தால் எஞ்சுவது பேசாத கல் மட்டுமே. மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடியைச் சான்றாகக் கொண்டு, ஊர்வரலாற்றைப் பேணுவதில் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரிய பங்கினை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஊர்ப்பெயர்

தரங்கம்பாடிக் கடற்கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. இக்கோயிற் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றும், அரசன் பெயரால் குலசேகரப்பட்டினம் என்றும் குறிக்கிறது. அரசன் பெயர் தாங்கிய வடிவம் இவ்வூரைப் பொறுத்தவரை வழக்கிழந்தது. 'பாடி' என முடியும் பெயரே முதற்பகுதி மாறி இன்றளவும் நிலைத்துள்ளது.

'தரங்கம்' என்னும் வடசொல் அலையைக் குறிக்கும். 'சடங்கன்' என்பதன் பொருள் மறைந்த நிலையில், கடலோரத்தார் தமக்குப் பொருள் விளங்கும் சொல்லாக அதனை மாற்றிக்கொண்டனர் எனக் கருத இடமுண்டு. இந்நாளில் சுற்றுலா நூல்கள் இவ்வூரைப் 'பாடும் அலைகளின் நாடு' என விளக்குகின்றன. இவ்விளக்கம் 'பாடி' என்பதைப் பாடுதல் என்னும் வினையோடு இணைக்கிறது. வாணியம்பாடி, காட்டுப்பாடி முதலிய பெயர்களை நோக்க, 'பாடி' குடியிருப்பைக் குறிக்கும் ஈறு என்பது தெளிவாகும். செவிக்கு இனிய இவ்விளக்கம் பிற மொழிகளிலும் பரவிவிட்டது. அது சடங்கன்பாடியை மறக்கச் செய்யுமாயின், ஊரின் வரலாற்றில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பகுதி நம் பார்வையினின்று மறைந்துபோகும்.

கல்வெட்டைத் தாங்கிய கோயிலும் இடரினின்று தப்பவில்லை. அதன் கிழக்குப் பகுதியைக் கடல் கொண்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூர் மீனவக் குடியிருப்பில் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்தது. கரையோரச் சான்றுகளைப் படியெடுத்துப் பதிப்பிக்கும் பணியில் காலத்தாழ்வு கூடாது என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.

3. பிறநாடு சென்ற ஆவணங்கள்

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்கு அரசின் தூதராக வந்த ஓவே கெட்டேக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. டேன்சுபோர்க் கோட்டை எழுந்ததும் அதனால்தான். டென்மார்க்கு அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்கு நாயக்கர் விடுத்த பொன்னோலை தமிழில் அமைந்தது. அது இன்று கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் உள்ளது. 1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. ஊர் பற்றிய ஆவணங்களில் ஒரு பகுதி கோபன்ஹேகனிலும் ஒரு பகுதி சென்னையில் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்திலும் இருக்கின்றன. டேனிய மொழியும் அக்காலக் கையெழுத்து முறையும் அறிந்தோரே அவற்றைப் படிக்க இயலும். தம் ஊர் பற்றி எழுதப்பட்டதை ஊரார் அறிய வேண்டுமாயின் மொழிபெயர்ப்பாளர் துணை இன்றியமையாதது.

4. மூலம் இழந்த மொழிபெயர்ப்பு

1706 ஜூலையில் தரங்கம்பாடி வந்த செர்மானியச் சமயப் பணியாளர் சீகன்பால்கு, 1708இல் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஓர் அட்டவணை தொகுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் அதில் இடம்பெற்றுள்ளன. அவருடைய தமிழ் இலக்கணம் 1716இல் ஆலே நகரில் அச்சாயிற்று. அவரும் உடன் பணியாற்றியவரும் தமிழர்களிடம் சமயம், கல்வி, வாழ்க்கை முறை பற்றி வினாக்கள் விடுத்து, மடல் வடிவில் விடைகளைப் பெற்றனர். அவற்றுள் 99 மடல்கள் செர்மன் மொழியாக்கமாக ஆலேயில் வெளியாயின. தமிழ் மூலங்களோ கிடைத்தில.

இம்மடல்களைத் தமிழில் பெயர்ப்பவர் அரியதொரு சிக்கலை எதிர்கொள்வார். 18ஆம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையைப் புனைந்தால், அதனை மூலம் என்றே பிற்காலத்தார் மயங்கக்கூடும். இன்றைய நடையில் எழுதினால் அக்காலக் குரல் மறையும். செர்மன் சொற்களுள் சில பணியாளரின் சமயக் கருத்தால் நிறம் மாறியவை. அவற்றுக்குத் தமிழர் எழுதிய சொல் யாதென உறுதியாகக் கூறல் அரிது. ஆகவே தெளிவான இன்றைய நடையில் பெயர்த்து, ஐயத்திற்குரிய இடங்களில் செர்மன் சொல்லையும் தமிழ் எழுத்தில் அடிக்குறிப்பாகத் தருதலே நேரிய முறை எனலாம். இழந்ததை இழந்ததாகக் காட்டுவதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

5. சொல்லில் எஞ்சிய தொழில்

1713இல் தமிழ் அச்செழுத்துகள் தரங்கம்பாடி வந்தன. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. தாள் பற்றாக்குறையால் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அண்மையிலுள்ள பொறையாற்றில் தாள் செய்யும் ஆலையும் அமைந்தது. ஆலை மறைந்த பின்னரும் அவ்விடம் 'கடுதாசிப்பட்டறை' என்னும் பெயரால் நினைக்கப்பட்டது. 'கடுதாசி' போர்த்துக்கீசியம் வழி வந்த சொல் என்பர். 'பட்டறை' கைவினைஞர் தொழிற்கூடத்தைச் சுட்டும் சொல். செர்மானியர், டேனியர் முயற்சியில் எழுந்த ஆலைக்கு மக்கள் போர்த்துக்கீசியமும் தமிழும் இணைந்த பெயரிட்டமை, அக்காலக் கடற்கரை வணிகத்தில் வழங்கிய மொழிகளின் நிலையைப் புலப்படுத்துகிறது. கட்டடம் இல்லாத இடத்திலும் பெயர் சான்றாக நிற்கும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

6. முடிவுரை

கோட்டை இன்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஆளுநர் மாளிகையும் பழந்தெரு வீடுகள் சிலவும் புதுப்பிக்கப்பட்டுள்ளன. இப்பணிகள் பாராட்டிற்குரியன. அவற்றோடு மூன்று பணிகள் நிகழ்தல் வேண்டும். ஊர், தெரு, கரையிடப் பெயர்களைப் பழைய வடிவங்களுடன் தொகுத்தல் ஒன்று. கல்வெட்டு, பொன்னோலை, மடல்கள் ஆகியவற்றை ஒரே தொகுதியாகத் தமிழில் பதிப்பித்தல் மற்றொன்று. வாடை, கச்சான், கொண்டல், சோழகம் எனக் காற்றுக்குப் பெயரிட்டு வாழும் மீனவர்தம் தொழிற்சொற்களை முதியோரிடமிருந்து ஒலிப்பதிவு செய்தல் மூன்றாவது. ஆழிப்பேரலைக்குப் பின் மீனவர் பலர் கரையை விட்டு உள்ளே குடியேற்றப்பட்டனர். கரையோடு பிணைந்த சொற்கள் அடுத்த தலைமுறையில் வழக்கொழியக்கூடும். பொன்னோலையைக் கோபன்ஹேகன் காத்து வைத்துள்ளது. இச்சொற்களைக் காத்து வைக்கும் காப்பகம் அவற்றைப் பேசும் மக்களன்றி வேறில்லை. எனவே முதலில் தொடங்கவேண்டியது இம்மூன்றாம் பணியே.