இரண்டரை அங்குலத்தின் பயணம்

கிழக்கிந்திய கம்பெனி மதராஸ் மாகாணத்துக்கென்று நியமித்த போட்டோகிராபர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1857 டிசம்பரில் கேமராவோடு தெற்கே கிளம்பினார். திருச்சி, தஞ்சை, மதுரை என்று சுற்றியதில் கோயில், கோபுரங்களின் பெரிய படங்கள் பேர் வாங்கின. அதே 1858-இல் மதுரையைப் பற்றி இன்னொரு தொகுப்பும் வந்தது. அதில் ஒவ்வொரு காட்சியும் ஜோடிப் படம். திருமலை நாயக்கர் மகாலும் அதில் உண்டு. நேப்பியர் கவர்னராக வந்து பழுதுபார்ப்பதற்கு முந்தைய, சிதிலமான மகால். தொகுப்பு வந்த மறு வருஷமே, இந்தச் செலவெல்லாம் தேவையா என்று கவர்னர் டிரவெல்யன் டிரைப்பின் போட்டோ வேலையை நிறுத்திவிட்டார். சிக்கனம் எப்போதும் கலையின் கழுத்தில்தான் முதலில் கை வைக்கும்.

ஒரே காட்சிக்கு எதற்கு இரண்டு படம்? நம் இரு கண்ணுக்கும் நடுவே சுமார் இரண்டரை அங்குலம் இடைவெளி. பக்கத்துத் தூணை வலக்கண் ஒரு கோணத்திலும் இடக்கண் ஒரு கோணத்திலும் பார்க்கின்றன. இரண்டையும் மூளை சேர்க்கும்போது ஆழம் பிறக்கிறது. இதை 1838-இல் கண்ணாடிகள் வைத்த கருவியில் நிரூபித்தவர் சார்லஸ் வீட்ஸ்டன். அப்போது போட்டோ என்ற ஒன்று ஊர் அறியவில்லை. கோட்டுச் சித்திரங்களை வைத்தே காட்டினார். படம் பிறக்கும் முன்பே பார்க்கும் பெட்டி பிறந்துவிட்டது!

1851 லண்டன் பொருட்காட்சியில் லென்ஸ் வைத்த பெட்டியை விக்டோரியா ராணி ரசித்ததும் அது வீடு வீடாகப் புகுந்தது. 1861-இல் அமெரிக்க டாக்டர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் கையில் பிடித்துப் பார்க்கும் எளிய கருவியைச் செய்தார், காப்புரிமை வாங்கவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் செய்து விற்றார்கள். 1939-இல் வட்டத் தகட்டில் பதினாலு குட்டிப் படம், ஏழு காட்சி என்று வியூமாஸ்டர் வந்தது. 1984-இல் இந்தியாவின் முதல் 3டி படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’. மலையாளப் படம்தான், ஆனால் கேமரா நம்ம அசோக்குமார். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தமிழிலும் பார்த்தோம்.

பெட்டியோ தகடோ கறுப்புக் கண்ணாடியோ, எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றுதான்: இடப் படம் இடக்கண்ணுக்கு, வலப் படம் வலக்கண்ணுக்கு, மாறிப் போகக் கூடாது. அந்த விதியை உடைத்தவர்களில் ஒருவர் ஜோஷுவா ஹெய்ன்மன் என்ற அமெரிக்கக் கலைஞர். நியூயார்க் பொது நூலகத்தின் பழைய ஜோடிப் படங்களை எடுத்து, இடது, வலது, இடது, வலது என்று ஒரே இடத்தில் மாறி மாறி ஓடவிட்டார். படம் தலையாட்ட ஆரம்பித்தது. முன்னால் நிற்கும் ஆள் நகர்கிறார், பின்னால் சுவர் அவ்வளவாக நகர்வதில்லை. அந்த வேறுபாட்டிலேயே ஆழம் தெரிகிறது. 2012-இல் நூலகமே, நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜோடிகளை எவரும் இப்படி ஆட்டிப் பார்க்க ஒரு கருவி வெளியிட்டது. கண்ணுக்குக் கண் பிரித்துக் கொடுத்ததை இது நேரத்தில் பிரித்துக் கொடுக்கிறது. எனவே ஒரு கண் மட்டும் தெரிபவருக்கும் ஆழம் கிடைக்கும். ஹோம்ஸ் கருவியால் அது ஆகாது. கொஞ்ச நேரம் பார்த்தால் தலை சுற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சித்தையன்கோட்டையில் செல்போன் வைத்திருக்கும் எவரும் இதைச் செய்யலாம். தென்னந்தோப்பில் நின்று ஒரு படம், இரண்டரை அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்து இன்னொன்று. ஏதாவது ஒரு மரத்தை இரண்டிலும் ஒரே இடத்தில் பொருத்திவிட்டு மாற்றி மாற்றி ஓட்டினால் மற்ற மரங்கள் முன்னும் பின்னும் பிரிந்து நிற்கும். மேற்கே தெரியும் கொடைக்கானல் மலைக்கு இந்த அளவு செல்லாது, அவ்வளவு தூரத்துக்கு இரண்டு படமும் ஒன்றாகவே இருக்கும். மலை மடிப்புகள் பிரிய வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான அடி தள்ளிப் போய் அடுத்ததை எடுங்கள். அதற்குள் மேகம் நகர்ந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.