கார்பாய்: தண்டு விட்டுச்சென்ற பெரிய புட்டிகள்

பெங்களூர் சிவாஜிநகரின் குஜ்ரிக் கடைகளில், அதாவது காயலான் கடைகளில், பழைய வண்டிச் சாமான்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு பெரிய கண்ணாடிப் புட்டி தலைகாட்டும். குண்டு வயிறு, குட்டைக் கழுத்து, வெளிர்பச்சை நிறம், ஒருவர் தனியாக அணைத்துத் தூக்கத் தயங்கும் பருமன். சிக்பேட்டை பக்கத்து ஞாயிறு சந்தையில் பழம்பொருள் தேடி அலைபவர்கள் இதைக் கண்டால் விடமாட்டார்கள். வாங்கிப் போய்க் கழுவி, உள்ளே மண்ணும் பாசியும் செடியும் வைத்து வரவேற்பறையில் நிறுத்துகிறார்கள். அது எதைச் சுமந்து இந்த ஊருக்கு வந்தது என்று விசாரிப்பவர்கள் குறைவு.

ஆசிட் வியாபாரிகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் கார்பாய். ஆங்கிலம் போல ஒலித்தாலும் வேர் பாரசீகம். ‘கராபா’ என்றால் பெரிய குடுவை. ஷிராஸ் நகரத்துத் திராட்சை மதுவும் பன்னீரும் கூடை பின்னிய இந்தக் குடுவைகளில்தான் வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறின. ஆங்கிலேய வணிகர்கள் பொருளோடு பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். தமிழ் வீடுகளில் புழங்கும் ‘சீசா’வும் ‘ஷீஷா’ என்ற பாரசீகச் சொல்லின் வழியில் வந்ததுதான்.

பெங்களூருக்குப் பெரிய புட்டிகள் வந்த கதை தண்டோடு தொடங்குகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காய்ச்சலால் அவதிப்பட்ட ஆங்கிலேயப் படை 1809இல் பெங்களூருக்கு இடம் மாறியது. அந்த கன்டோன்மென்டைத்தான் ஊர்க்காரர்கள் தண்டு என்றார்கள். 1834இல் மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையிடமும் இங்கே வந்தது. படையோடு சமையல்காரர், சலவைக்காரர், கட்டட வேலையாள், கடைக்காரர் என்று தமிழர்கள் வந்து அல்சூரிலும் சுற்றுப்புறத்திலும் குடியேறினார்கள். சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் வேண்டிய கப்பல் சரக்கு மதராஸ் துறைமுகத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் மேடேறி வந்தது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு வரை ரயில் பாதை போட்ட பிறகுதான் கண்ணாடிச் சரக்குக்கு நல்ல காலம் பிறந்தது. கரடுமுரடான சாலையில் நாள்கணக்கில் குலுங்கும் வண்டியில் கண்ணாடியை உடையாமல் கொண்டுவருவது சாதாரண வேலையா?

பெங்களூர் என்றதும் பீர்தான் பலருக்கு நினைவு வரும். 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்திய மதுவடி ஆலைகள் ஐந்தை இணைத்து யுனைடெட் புரூவரிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆனால் படைகளுக்கான பீர் பெரிய மரப்பீப்பாய்களில் மாட்டுவண்டியேறிப் போனது. ஆகவே பழைய பெரும்புட்டியைக் காட்டி ‘பீர் புட்டி’ என்று யாராவது விலை சொன்னால் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

கார்பாயின் உண்மையான எஜமான் அமிலம்.

கந்தக அமிலமும் வெடியுப்பு அமிலமும் மரத்தையும் பெரும்பாலான உலோகங்களையும் தின்றுவிடும், கண்ணாடியைத் தொடாது. பிளாஸ்டிக் வராத காலத்தில் அவற்றை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக இதைவிட எளிய பாத்திரம் கிடையாது. பத்து காலன் கார்பாய் என்றால் சுமார் 45 லிட்டர். அடர்ந்த கந்தக அமிலம் தண்ணீரைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு கனம். புட்டி நிறைந்தால் அமிலம் மட்டுமே 80 கிலோவைத் தாண்டும். அதனால்தான் கண்ணாடியைச் சுற்றி வைக்கோல், அதற்கு வெளியே பிரம்புக் கூடையோ மரச்சட்டமோ இரும்புக் கம்பிக் கூண்டோ. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். கை நழுவினால் வெந்து போவது காலும் கண்ணும்.

அமிலத்துக்கு இந்தப் பக்கத்தில் தேவை பெருகிக்கொண்டே வந்தது. தந்தி நிலையங்களின் மின்கலங்கள், கோலார் தங்கவயலில் தங்கத்தின் மாற்று பார்க்கும் அறைகள், 1905இல் மின்விளக்கு கண்ட நகரத்தின் பேட்டரிகள் எல்லாம் அமிலம் கேட்டன. 1911இல் டாட்டா இன்ஸ்டிட்யூட்டில், அதாவது இன்றைய இந்திய அறிவியல் கழகத்தில், வகுப்புகள் தொடங்கியபோது வேதியியல்தான் முதல் துறைகளில் ஒன்று. முதல் உலகப் போரால் சந்தனக் கட்டை ஐரோப்பாவுக்குப் போக முடியாமல் தேங்கியபோது, அந்தக் கழகத்தில் நடந்த சோதனைகளைக் கொண்டே 1916இல் மைசூர் அரசு சந்தன எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. மதராஸ் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ராணிப்பேட்டையில் 1906 முதல் பாரி நிறுவனத்தின் உரத் தொழிற்சாலை. சூப்பர் பாஸ்பேட் உரத்துக்கு அடிப்படையே கந்தக அமிலம். மைசூர் சமஸ்தானம் நவீனமான கதையை மின்சாரம், சோப்பு, தங்கம் என்று சொல்கிறோம். அதற்குப் பின்னால் இந்தப் பச்சைப் புட்டிகளைத் தூக்கிச் சுமந்த கூலிகள் இருந்தார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

பிளாஸ்டிக் கேன் பரவியதும் கண்ணாடிக் கார்பாய்க்கு வேலை போயிற்று. பல புட்டிகள் உடைந்தன. உடைசல் சீக்கிரம் உருகும் என்பதால் கண்ணாடி உலைகளுக்கு அது எப்போதும் வேண்டும். பழைய புட்டிகள் காயலான் கடை வழியாக உலைக்கே போய்ச் சேர்ந்தன. தப்பியவற்றில் சில தண்டு வீடுகளில் ஒதுங்கின. பெங்களூர் புளூ திராட்சை விளையும் ஊர் இது. கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே ஒயின் போடும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்குப் பீங்கான் ஜாடியும் பெரிய கண்ணாடிப் புட்டியும் வேண்டியிருந்தன.

பழையதா புதியதா என்று கண்டுபிடிக்கக் கையும் கண்ணும் போதும். அச்சுக்கோடு கழுத்தில் ஏறி வாய் விளிம்பையும் கடந்து போனால் அது இயந்திரத்தில் வார்த்தது. மைக்கேல் ஓவன்ஸ் என்ற அமெரிக்கரின் தானியங்கிப் புட்டி இயந்திரம் 1903க்குப் பிறகே பரவியது. கோடு கழுத்திலேயே மறைந்து, விளிம்பு தனியாக ஒட்டியது போலத் தடித்திருந்தால் கைவேலை. அடியில் சொரசொரப்பான வட்ட வடு இருந்தால் ஊதுபவர் இரும்புக் கோலில் புட்டியைப் பிடித்து முடித்திருக்கிறார் என்று பொருள். பச்சை நிறம் மணலில் உள்ள இரும்பால் வருவது. காற்றுக்குமிழி மட்டும் சான்றாகாது. நேற்று செய்த போலியிலும் குமிழி இருக்கும்.

செடி வளர்க்கும் ஆசையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் ஒருவர் 1960இல் கந்தக அமிலம் இருந்த பத்து காலன் கார்பாயில் ஒரு செடியை நட்டு, 1972இல் கடைசியாகத் தண்ணீர் விட்டு மூடினார். நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அது பச்சையாக நின்றது. வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலிருந்து பெங்களூர் வரை பழம்பொருள் விற்பவர்கள் பளபளப்பைத்தான் விற்கிறார்கள். இற்றுப்போன கூடையைக் கிழித்தெறிந்து, ஒட்டிய சீட்டைச் சுரண்டி, புட்டியைத் துலக்கிக் காட்டுகிறார்கள். கூடையும் சீட்டும் போன பிறகு மிஞ்சுவது வெறும் கண்ணாடி. எந்த ஆலை, எந்தத் துறைமுகம், எந்தக் கடை என்று சொல்ல அதற்கு வாயில்லை. நூறு ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. உள்ளூரில் ஒரு கூடை குப்பைக்குப் போவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

எனவே அல்சூரிலோ மர்பி டவுனிலோ பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணில் இப்படி ஒரு புட்டி கிடைத்தால், முதலில் இருந்த இடத்திலேயே ஒரு படம் எடுங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் அதில் என்ன இருந்தது, யார் கொண்டுவந்தார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். உள்ளே அமில மிச்சம் இருக்கலாம், கையுறை போடாமல் தொடாதீர்கள். வெந்நீர் ஊற்றாதீர்கள், தடித்த கண்ணாடி விரிசல் விடும். அமிலம் ஏதும் மிஞ்சவில்லை என்று உறுதியான பிறகு, சாதாரணத் தண்ணீரில் ஒரு பிடி அரிசியைப் போட்டுச் சுழற்றிக் கழுவினால் போதும். கூடையை மட்டும் கழற்ற வேண்டாம்.