எஸ்பாலின் பெயரைத் திருத்தியது யார்?

இரண்டு பட்டியலை ஒப்பிட்டு எங்கே ஒட்டவில்லை என்று தேடுவதுதான் மென்பொருள் பொறியாளனான என் பிழைப்பு. ராத்திரி விவிலியம் படிக்கும்போதும் அந்தப் புத்தி விடமாட்டேங்குது. சவுல் ராஜாவின் பிள்ளைகளிடம் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

கில்போவா மலையில் சவுல் செத்த பிறகு, படைத்தலைவன் அப்னேர் மிஞ்சியிருந்த மகனை மக்னாயீமுக்குக் கூட்டிப்போய் ராஜாவாக்குகிறான். சாமுவேலின் இரண்டாம் புத்தகம் அவனை இஸ்போசேத் என்கிறது. இரண்டு வருஷ ஆட்சி. பிறகு ஒரு நடுப்பகலில், படுத்திருந்தவனை அவனுடைய ஆட்களே இரண்டு பேர் கொன்று, தலையைத் தாவீதிடம் கொண்டுபோகிறார்கள்.

எபிரேயத்தில் 'இஷ்' என்றால் ஆள், 'போஷெத்' என்றால் வெட்கம். வெட்கத்தின் ஆள்! எந்த அப்பன் பிள்ளைக்கு இப்படிப் பேர் வைப்பான்?

நாளாகமத்தின் முதல் புத்தகத்திலும் சவுலின் வம்சப் பட்டியல் இருக்கிறது. அதில் இவன் பெயர் எஸ்பால். யோனத்தானின் மகன், இரண்டு காலும் முடமான மேவிபோசேத், அங்கே மேரிபால். கிதியோனின் மறுபெயர் யெருபாகால். அதுவும் சாமுவேலில் ஓரிடத்தில் எருப்பேசேத் ஆகிவிடுகிறது. பாகால் இருந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பாகால் என்றதும் நமக்கு எலியா எதிர்த்த அந்நிய தெய்வம்தான் ஞாபகம் வரும். ஆனால் 'பாஅல்' அடிப்படையில் ஒரு சாதாரண வார்த்தை. உரிமையாளன், தலைவன், கணவன். நம்ம 'நாயகன்' மாதிரி. கடவுளையும் சொல்லலாம், புருஷனையும் சொல்லலாம். இன்றைய எபிரேயத்திலும் கணவனுக்கு அதே சொல்தான். இஸ்ரவேலரும் தங்கள் கடவுளை ஒரு காலத்தில் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். தாவீதோடு சேர்ந்த வீரர்களில் ஒருவன் பெயர் பிகலியா: யாவேதான் பாகால் என்று அர்த்தம். 1910இல் சமாரியாவில் தோண்டியெடுத்த பானை ஓடுகள் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் திராட்சரச, எண்ணெய்க் கணக்குகள். அவற்றில் யாவே பெயர்க்காரர்களும் பாகால் பெயர்க்காரர்களும் பக்கத்துப் பக்கத்தில் வருகிறார்கள். அதே நூற்றாண்டில்தான் ஓசியா, இனி கடவுளை அந்தச் சொல்லால் அழைக்காதே என்கிறார். அதற்கப்புறம் சொல் கெட்டுப்போனது. எழுத்தர்கள் பழைய பெயர்களில் கைவைத்தார்கள். பெரும்பாலான ஆய்வாளர்களின் விளக்கம் இது.

மாற்றுக் கருத்தும் உண்டு. 1975இல் மத்தித்யாகு செவாத், இந்த 'போஷெத்' வெட்கமே இல்லை, அக்காடிய மொழியின் 'பாஷ்து', அதாவது கண்ணியம், வீரியம் என்று வாதிட்டார். அப்படியானால் திருத்தமே நடக்கவில்லை, அவனுக்கு இரண்டு பெயர் இருந்திருக்கலாம். எனக்கு இது பிடித்திருந்தது, ஆனால் நம்ப முடியவில்லை. எரேமியா பாகாலையும் போஷெத்தையும் ஒரே மூச்சில், ஒன்றுக்கு இன்னொன்றாகவே சொல்கிறார்.

சவுல் வீட்டை அவமானப்படுத்தத் தாவீதின் ஆட்கள் செய்த வேலையோ என்றுதான் நான் முதலில் சந்தேகப்பட்டேன். தோற்றவன் பெயரைக் கெடுப்பது புதுசா என்ன! ஆனால் கிதியோன் சவுலின் வம்சமே இல்லை. தாவீதின் சொந்த மகன் ஒருவன்கூட நாளாகமத்தில் பெலியாதா, சாமுவேலில் எலியாதா. அங்கேயும் பாகாலை எடுத்திருக்கிறார்கள். ஆக, வெறும் அரசியல் பகை இல்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. தாவீதின் மகனுக்குப் பாகாலை எடுத்துவிட்டு 'ஏல்', கடவுள் என்று வைத்தார்கள். சவுலின் மகனுக்கு வெட்கம். ஒரே பிழைக்கு இரண்டு விதமான திருத்தம். இதைத் தற்செயல் என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

2012இல், ஏலா பள்ளத்தாக்கின் மேலுள்ள கிர்பெத் கெயாஃபாவில் ஒரு ஜாடி துண்டுதுண்டாகக் கிடைத்தது. ஒட்டிப் பார்த்தால், கானானிய எழுத்தில் 'எஷ்பாஅல் பென் பெதா'. பெதாவின் மகன் எஸ்பால். காலம் ஏறக்குறைய கி.மு. 1000. சவுலின் மகன் இல்லை, வேறு யாரோ. ஆனால் அந்தப் பெயர் அப்போது புழக்கத்தில் இருந்திருக்கிறது, அதில் வெட்கப்பட எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கி.மு. 9 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை யூதாவில் கிடைத்த எழுத்துகளில் பாகால் பெயர்களே இல்லை என்கிறார்கள் அகழ்வாளர்கள். ஏட்டில் மட்டுமல்ல, தொட்டிலிலும் அந்தப் பெயரை நிறுத்திவிட்டார்கள்.

பெதாவின் மகனுடைய பெயரை ஜாடியைச் சுடுவதற்கு முன்பே, ஈரக் களிமண்ணில் கீறியிருக்கிறார்கள்.