எலிப்டிகல் மெஷின் காட்டுற கலோரியை நம்பலாமா?

அரை மணி நேரம் எலிப்டிகல்ல மிதிச்சுட்டு இறங்குறீங்க. திரையில '300 கலோரி'ன்னு மின்னுது. அந்தச் சந்தோஷத்துல ரெண்டு புரோட்டா உள்ள போச்சுன்னா, மிதிச்சதுக்குப் பலன் இருக்குமா?

கணக்கு போட்டுப் பார்த்துடலாம். உடற்பயிற்சியை அளக்க 'மெட்' என்றொரு அளவு இருக்கு. சும்மா உட்கார்ந்திருந்தா 1 மெட். மிதமா எலிப்டிகல் மிதிச்சா 5 மெட். இதை உங்க எடையாலும் நேரத்தாலும் பெருக்கணும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அரை மணி நேரத்தில் 150 கலோரி. சும்மா இருந்திருந்தாலே 30 கலோரி செலவாகியிருக்கும். அதைக் கழிச்சா, கூடுதலா எரிஞ்சது 120 தான்!

தேனி மாவட்டம் ஓடைப்பட்டி, விதையில்லா திராட்சைக்குப் பேர் போன ஊர். அந்த ஊர்க் கணக்குல சொல்லணும்னா, 100 கிராம் திராட்சையில் சுமார் 70 கலோரி. அரை மணி நேர வியர்வை 170 கிராம் திராட்சையோட சரி. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி எரியணும். அதாவது சாப்பாட்டைக் கூட்டாம, தினமும் மிதிச்சா ரெண்டு மாசம்.

மெஷின் ஏன் கூட்டிக் காட்டுது? உங்க எடையைப் பதிவு செய்யலைன்னா, அது தனக்குத் தெரிஞ்ச ஒரு எடையை வெச்சுக் கணக்குப் போடும். கைப்பிடியில் உடம்பைச் சாய்ச்சுட்டா காலுக்கு வேலை குறையும். ரெசிஸ்டன்ஸ் குறைவா இருந்தா உள்ளே சுத்துற சக்கரமே பாதி வேலையைப் பார்த்துடும். இதெல்லாம் திரைக்குத் தெரியாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நிபுணர்கள் சோதிச்சப்போ, டிரெட்மில், சைக்கிளைவிட எலிப்டிகல்தான் அதிகமா, 42 சதவிகிதம் வரை கூட்டிக் காட்டுச்சு.

அப்போ மெஷினே வேஸ்ட்டா? இல்லை. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் பிரிகார் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தப்போ, அதன் பெரிய பலமே மூட்டுக்கு அதிர்ச்சி தராததுதான். ஓடும்போது ஒவ்வோர் அடியும் தரையில் மோதும். இதுல பாதம் பெடலைவிட்டு எழும்பவே எழும்பாது. முழங்கால் வலி உள்ளவங்களுக்கும், இருட்டில் தெருநாய்க்குப் பயந்து வாக்கிங்கை விட்டவங்களுக்கும் நல்ல துணை. காந்த ரெசிஸ்டன்ஸ் உள்ள சாதாரண வீட்டு மாடல் பலவற்றுக்கு கரன்ட்டே வேண்டாம். திரைக்கு பேட்டரி போதும்.

ஆனா காலும் வழியும் நல்லா இருக்கிற ஒருத்தர் இ.எம்.ஐ போட்டு வாங்கணுமான்னு கேட்டா, என் பதில் 'யோசிங்க'. தோட்டத்துப் பாதையில் வேகமா நடந்தா 4.3 மெட். அரை மணி நேரத்துல அதே 60 கிலோ ஆளுக்கு 129 கலோரி. வித்தியாசம் 21 தான்! துணி காயப்போடும் கொடியா மாறின மெஷின்கள் எத்தனையோ வீட்டில் உண்டு.

வாங்கிட்டீங்களா? எடையைப் பதிவு செய்ங்க. முதுகு நேரா, கைப்பிடியைச் சும்மா பிடிச்சு, பேச முடியும் ஆனா பாட முடியாதுங்கிற அளவுக்கு மூச்சு வாங்குற மாதிரி ரெசிஸ்டன்ஸ் வைங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான பயிற்சி. அஞ்சு நாள், அரை மணி நேரம். சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவங்க வெறும் வயித்தில் ஏறாதீங்க, சுகர் சட்டுனு இறங்கிடலாம். முதல்ல டாக்டரைக் கேளுங்க. மிதிக்கும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுத்தலோ வந்தா, திரையில் எவ்வளவு ஓடினாலும் உடனே நிறுத்திடுங்க.